குட்டி சிக்லிட்டுக்குக் கொஞ்சம் இடம் கொடுங்கள்

கோடையில் குளம் வற்றி, மிச்சத் தண்ணீர் தெளிந்து கிடக்கும்போது கரையோரம் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? அடிமண்ணில் தட்டுத்தட்டாகக் குழிகள் தெரியும். ஒவ்வொரு குழியிலும் கறுத்துப்போன ஓர் ஆண் மீன் காவல் நிற்கும். பக்கத்துக் குழிக்காரன் கொஞ்சம் இந்தப் பக்கம் வந்தால் போதும், சரேலென்று பாய்ந்து விரட்டும். விரட்டியதும் தன் குழிக்கே திரும்பிவிடும். குளம் முழுக்கத் துரத்திக்கொண்டு போகாது. அதுதான் நம் சந்தையில் கிடைக்கும் ஜிலேபி. ஆப்பிரிக்க மீன், 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அது ஒரு சிக்லிட்.

ஏஞ்சல், டிஸ்கஸ், ஆஸ்கர், ஃபிளவர்ஹார்ன் எல்லாமே அதே குடும்பம்தான். கேரளத்து கரிமீனும் அப்படியே. தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா, ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இந்தியா, இலங்கை என்று பரந்து கிடக்கும் இந்தக் குடும்பத்தில் ஆயிரத்துக்கும் அதிகமான இனங்கள் உண்டு. அவற்றில் வளர்ந்தாலும் 10 சென்டிமீட்டரைத் தாண்டாதவற்றை மீன் வளர்ப்பவர்கள் ‘ட்வார்ஃப் சிக்லிட்’ என்கிறார்கள். இது அறிவியல் பிரிவு இல்லை, வளர்ப்பவர்கள் வசதிக்கு வைத்துக்கொண்ட பெயர். நான் குட்டி சிக்லிட் என்றே எழுதுகிறேன்.

உடல் குட்டிதான். ஆனால் ஜிலேபியின் குழியில் பார்த்த அந்தக் குணம் ராம் என்ற 5 சென்டிமீட்டர் குட்டி சிக்லிட்டிடமும் அப்படியே இருக்கிறது. டெட்ரா, ராஸ்போரா போன்ற மீன்கள் கூட்டத்தோடு அலைபவை. அவற்றுக்குத் தொட்டி முழுக்கப் பொது இடம். சிக்லிட் அப்படியல்ல. தரையில் ஓர் இடத்தைத் தனதென்று பிடித்துக்கொள்ளும். அங்கே முட்டையிடும், குஞ்சுகளைக் காக்கும். முட்டையைப் போட்டுவிட்டுத் திரும்பியே பார்க்காமல் போகும் மீன்கள் ஏராளம். பல சிக்லிட்டுகளில் ஆணும் பெண்ணும் வாரக்கணக்கில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திரியும். அந்தப் பொறுப்பிலிருந்துதான் அதன் சண்டையும் வருகிறது. ஆகவே கடையில் போய் “இது அமைதியான மீனா?” என்று கேட்பதால் பெரிய பயன் இல்லை. “இதற்கு எவ்வளவு இடம் வேண்டும், அந்த இடத்தில் வேறு யார் நடமாடுவார்கள்?” என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

எனக்கு இது ஒரு கோரி மீனின் கண் போன பிறகுதான் புரிந்தது. அப்போது என்னிடம் இருந்தது 2 அடித் தொட்டி. ஒரு ஜோடி கிரிபென்சிஸ் (சுருக்கமாக கிரிப், இதுவும் குட்டி சிக்லிட்தான்), 6 கோரிடோரஸ் (கோரி என்பார்கள், தரையில் மேயும் சின்னக் கெளுத்தி வகை), 10 நியான் டெட்ரா. எல்லாம் ஒன்றாக இருக்கும் என்று கடையில் சொன்னார்கள், நாலு மாதம் இருக்கவும் செய்தன. ஒரு நாள் காலையில் பார்த்தால் கோரிகள் ஆறும் ஃபில்டருக்குக் கீழே ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடந்தன. வால்கள் கிழிந்திருந்தன, ஒன்றுக்கு ஒரு கண் இல்லை. தொட்டியின் நட்டநடுவில் நான் வைத்திருந்த மண்சட்டிக்குள் கிரிப் முட்டையிட்டிருந்தது. பெண் வாசலிலேயே நின்றது, வயிறு நாவல்பழ நிறத்தில் ஜொலித்தது. கொடூரமான மீன் என்று நினைத்து அந்த ஜோடியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன்.

தப்பு மீனிடம் இல்லை. மற்ற மீன்கள் சிக்லிட்டின் மிரட்டலைப் படித்துக்கொள்ளும்: துடுப்பை விரித்து, செவுள் மூடியைப் பிதுக்கிக் காட்டினால் ஒதுங்கிவிடும். கோரிக்கு அது பிடிபடுவதில்லை. மீசையால் தரையைத் துழாவிக்கொண்டே முட்டைக் குகைக்குள் நுழையும். விரட்டினால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடியும் அங்கேதான் வரும், இருட்டின பிறகும் வரும். உடம்பில் கவசத் தட்டுகள் இருப்பதால் சின்னக் கடி அதற்கு உறைப்பதில்லை. கடிபடக்கூடிய இடம் கண்ணும் துடுப்பும்தான். நானோ சட்டியை நட்டநடுவில் வைத்து, ஓடி ஒதுங்க ஓர் இடம்கூட இல்லாமல் செய்திருந்தேன்.

லிட்டர் கணக்கை விடுங்கள், தரையைப் பாருங்கள்

தொட்டி வாங்கும்போது எல்லோரும் லிட்டர் கணக்குத்தான் பார்ப்போம். குட்டி சிக்லிட்டுக்கு அந்தக் கணக்கு பாதிதான் உதவும். 2 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டியில் சுமார் 85 லிட்டர் பிடிக்கும். 3 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ளதிலும் அதே 85 லிட்டர்தான். முதலாவதில் தரை 2 சதுர அடி, இரண்டாவதில் 3 சதுர அடி. தரையில் குடியிருக்கும் மீனுக்கு அந்த 1 சதுர அடிதான் எல்லாம். உயரம் கூடுவதால் அதற்கு எந்த லாபமும் இல்லை.

முட்டையிட்ட ராம் ஜோடி தன் கல்லைச் சுற்றி ஏறக்குறைய ஓர் அடி அகலத்துக்கு யாரையும் விடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 அடித் தொட்டியில் அது பாதித் தரை. மீதிப் பாதி மற்றவர்களுக்கு. 3 அடி என்றால் எல்லோரும் மூச்சு விடலாம். அதனால் என் கணக்கு இது: 2 அடித் தொட்டியில் ஒரே ஒரு ஜோடி, தரையில் வேறு மீனே கூடாது. கோரியோ இன்னொரு வகை சிக்லிட்டோ வேண்டுமென்றால் 3 அடிக்குக் குறையாமல் வேண்டும். குழந்தை குட்டியெல்லாம் வேண்டாம், அழகுக்கு ஒன்று போதும் என்பவர்கள் ஒரே ஓர் ஆண் ராமை வைக்கலாம். பல வகை மீன்கள் சேர்ந்திருக்கும் கம்யூனிட்டி டேங்க்கில் இதைவிட நிம்மதியான ஏற்பாடு கிடையாது. ஜோடியில்லாமல் ஏங்கிவிடுமோ என்று கேட்பவர்கள் உண்டு. டெட்ராபோல் கூட்டமாக வாழும் மீன் அல்ல இது, தனியாக நன்றாகவே இருக்கும்.

அடுத்தது பார்வை. சிக்லிட் கண்ணால் எல்லை போடும் மீன். தொட்டியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடையில்லாமல் தெரிந்தால், தெரிகிற அத்தனையும் தன் இடம் என்று எடுத்துக்கொள்ளும். நடுவில் ஒரு மரவேர், பின்னால் கொத்தாகச் செடி, ஒரு கற்குவியல் இருந்தால் எல்லை அங்கேயே நின்றுவிடும். வீட்டுக்குள் சுவர் எழுப்புவது மாதிரிதான். தொட்டியை அலங்கரித்து முடித்ததும் குனிந்து, கண்ணை மீன் மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பக்கவாட்டுக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். எதிர்க் கண்ணாடி நேராகத் தெரிந்தால் இன்னொரு வேரோ இன்னொரு செடியோ தேவை. ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் இரண்டும் இதற்கு நல்ல செடிகள். மரத்தில் கட்டிவிட்டால் போதும், குறைந்த வெளிச்சத்திலும் வளரும்.

குகைக்குத் தேங்காய்ச் சிரட்டையை மிஞ்சியது எதுவும் இல்லை. உள்ளே ஒட்டியிருக்கும் தேங்காயைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டு, வெளி நாரைத் தேய்த்தெடுத்து, நன்றாகக் கொதிக்க வைத்து, சில நாள் ஊறப்போட்டு, பழுப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கவிழ்த்து வையுங்கள். விளிம்பில் ஒரு சின்ன வாசல் போதும். அபிஸ்டோகிராமா என்ற குட்டி சிக்லிட்டின் பெண் நுழைகிற அளவுக்கு மட்டும் வாசல் இருந்தால், பெரிய உடம்புக்கார ஆண்கூட உள்ளே வர முடியாது. அதைத்தான் அவள் விரும்புவாள். சிரட்டையைத் தொட்டியின் ஓரத்தில், வாசல் சுவரைப் பார்த்தமாதிரியோ மூலையைப் பார்த்தமாதிரியோ வையுங்கள். நடுவில் வைக்காதீர்கள். ஜோடிக்கு ஒன்று என்று கணக்குப் பார்க்காமல் இரண்டு மூன்று வைத்தால் சச்சரவு குறையும். ராமுக்குக் குகை வேண்டாம், வெட்டவெளியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு தட்டைக் கல்லே அதற்குப் பிரசவ அறை.

தரைக்கு நைசான மணல் போடுங்கள், கூரான சரளை வேண்டாம். இதன் காரணத்தை ராமின் வாயைக் கவனித்தால் கண்ணாலேயே பார்க்கலாம். தலையைச் சாய்த்து ஒரு வாய் மணலை அள்ளும். கன்னம் இரண்டு மூன்று தடவை அசையும். பிறகு செவுள் வழியாக மணல் பொலபொலவென்று உதிரும், நெல்லைத் தூற்றும்போது பதர் பறப்பதுபோல. சாப்பிட உகந்தது மட்டும் வாயில் தங்கும். ஒரு நாளைக்கு நூறு தடவையாவது இதைச் செய்யும். அதன் அறிவியல் பெயரான மைக்ரோஜியோஃபேகஸ் என்பதில் ‘மண் தின்னி’ என்ற பொருள் இருப்பது இதனால்தான். ஆற்று மணலானால் தண்ணீர் தெளியும்வரை அலசி, ஒரு கரண்டி எடுத்து அதன் மேல் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதில் சிப்பியோ சுண்ணாம்போ இருக்கிறது. தண்ணீரைக் கடினமாக்கும், வேண்டாம்.

எந்த மீன்?

முதலில் ராம். பெயரைக் கேட்டு நம்மூர்ப் பெயர் என்று நினைப்பவர்கள் உண்டு. வெனிசுவேலாவிலும் கொலம்பியாவிலும் ஓரினோகோ ஆற்றையொட்டிப் பரந்து கிடக்கும் புல்வெளிச் சமவெளிதான் அதன் ஊர். அதைச் சேகரித்து அனுப்பிய மானுவல் ராமிரெஸ் என்பவரின் பெயரால் 1948-ல் அறிவியல் பெயர் வைத்தார்கள். கடைகளில் ஜெர்மன் ப்ளூ ராம், கோல்டு ராம், எலெக்ட்ரிக் ப்ளூ ராம் என்று விற்பவை எல்லாம் அதே இனத்தின் வளர்ப்பு வகைகள். பலூன் ராம் என்று உருண்டையாக ஒன்று வரும். முதுகெலும்பு சுருங்கும்படி வளர்த்தெடுத்த வகை அது. அதை வாங்காதீர்கள் என்றே சொல்வேன். நீந்தவே சிரமப்படும் உடம்பை அழகு என்று விற்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ராமுக்கு 27 முதல் 30 டிகிரி வெப்பம் வேண்டும். ஐரோப்பாவில் இருப்பவர்கள் இதற்கு ஹீட்டரை ஏற்றி வைத்துக் கரண்ட் பில் கட்டுகிறார்கள். சென்னையிலும் மதுரையிலும் ஆண்டின் பெரும்பகுதி அறை வெப்பமே போதும். மார்கழி தையில் மட்டும் ஹீட்டர் போட்டால் சரி. சித்திரை வெயிலில் தொட்டி 32-ஐ எட்டும்போது ஏர் பம்ப்பைக் கூட்டி வையுங்கள், சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். பெண்ணுக்கு வயிற்றில் ரோஜா நிறம் ஏறும், உடம்பின் நடுவில் உள்ள கறுப்புப் புள்ளிக்குள் நீலப் பொடி தூவியதுபோல் மின்னும். ஆணுக்கு முதுகுத் துடுப்பின் முன்முள் நீண்டு நிற்கும். ஆயுள் இரண்டு மூன்று வருடம்தான், அதனால் வளர்ந்து முடிந்த பெரிய மீனைவிட இளசாகப் பார்த்து வாங்குங்கள்.

ஆனால் முதல் சிக்லிட்டாக ராமை வாங்காதீர்கள். தண்ணீரில் சின்னக் குறை இருந்தாலும் தாங்காது. அதன் பெரியப்பா பிள்ளை மாதிரி பொலிவியன் ராம் என்று ஒன்று இருக்கிறது. நிறம் கொஞ்சம் அடக்கம்தான்: பழுப்பு உடம்பு, சிவப்போரம் போட்ட துடுப்பு. 8 சென்டிமீட்டர் வரை வளரும், 24 முதல் 28 டிகிரியில் சுகமாக இருக்கும், சின்னத் தவறுகளை மன்னிக்கும். கையில் பழக்கம் வந்த பிறகு நீல ராமுக்குப் போகலாம்.

அபிஸ்டோகிராமா தென் அமெரிக்காவின் குட்டி சிக்லிட்டுகளில் பெரிய குலம். கடையில் அதிகம் பார்ப்பது காகாட்டூ எனப்படும் வகை, கொண்டைக் கிளி மாதிரி முதுகுத் துடுப்பு எழும்பி நிற்கும். ஆண் 8 சென்டிமீட்டர், பெண் 5. ஓர் ஆண் ஒரு பெரிய எல்லையைப் பிடித்துக்கொள்ளும், அதற்குள் பெண்கள் ஆளுக்கொரு குகை வைத்துக்கொள்வார்கள். 3 அடித் தொட்டியில் ஓர் ஆணும் இரண்டு பெண்களும் நன்றாக இருப்பார்கள். குஞ்சு பொரித்ததும் பெண் மஞ்சள் பூசிக் குளித்ததுபோல் பளீர் மஞ்சளாகிவிடும், கறுப்புக் கோடுகள் அடர்ந்து தெரியும். அந்த நாள்களில் அந்தச் சின்னப் பெண் ஆணையே அடித்து விரட்டுவாள், ஆணுக்கும் ஒளிய இடம் வேண்டும். இரண்டு அபிஸ்டோ இனங்களை ஒரே தொட்டியில் போடவேண்டாம். பெண்கள் ஒன்றுபோல் இருப்பார்கள், கலப்பினம் பிறந்துவிடும். ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு அபிஸ்டோகிராமா போரெல்லி பொருத்தம். பராகுவே ஆற்றுப் பக்கத்து மீன், மற்ற அபிஸ்டோக்களைவிடக் குளிர் தாங்கும்.

கிரிபென்சிஸ் மேற்கு ஆப்பிரிக்கா, முக்கியமாக நைஜீரியா. இவற்றில் அதுதான் திடம், அதுதான் முரடும். கொஞ்சம் கடினமான தண்ணீரிலும் வாழும். ஆண் 10 சென்டிமீட்டரைத் தொடும். 3 அடித் தொட்டி, தரையில் வேறு யாரும் இல்லை என்றால் அருமையான மீன். எனக்கு நடந்தது உங்களுக்கு நடக்க வேண்டாம்.

நம் மண்ணின் சிக்லிட் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆரஞ்சு குரோமைடு, தென்னிந்தியாவின் கரையோர நீர்நிலைகளிலும் காயல்களிலும் இலங்கையிலும் வாழ்வது, 8 சென்டிமீட்டர் அளவு. இதன் நெருங்கிய சொந்தங்கள் மடகாஸ்கரில் இருக்கின்றன. கடின நீரும் லேசான உப்பும் அதற்குப் பிடிக்கும். போர் தண்ணீரைத் தவிர வேறு வழியில்லாத வீடுகளில் ராமோடு போராடுவதைவிட இதை வளர்க்கலாம். ஆனால் துணை மீன்களையும் அதே தண்ணீருக்கு ஏற்றபடி தேர்ந்தெடுக்க வேண்டும்.

மேல்மாடிக்காரர்கள்

சிக்லிட் கீழ்த்தளத்தில் குடியிருக்கட்டும். கூட்டாளிகளை நடுத்தளத்திலிருந்தும் மேல்தளத்திலிருந்தும் எடுங்கள். இது இடத்தகராறைத் தவிர்க்க மட்டும் இல்லை. வேறு மீனே இல்லாத தொட்டியில் விடப்பட்ட குட்டி சிக்லிட் பயந்து வேருக்குப் பின்னாலேயே ஒளிந்து கிடக்கும். தலைக்கு மேல் சின்ன மீன்கள் நிதானமாக நீந்துவதைப் பார்த்தால், கொக்கும் இல்லை பெரிய மீனும் இல்லை என்று அதற்குத் தைரியம் வரும். கூட்டாளி மீன்களைப் போட்ட மறுநாளே ஒளிந்திருந்த ராம் கண்ணாடிக்கு முன்னால் வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

ராமோடு கார்டினல் டெட்ராவைப் போடுங்கள், நியானை வேண்டாம். இரண்டும் பார்க்க ஒன்றுபோலத்தான்: நீலக்கோடு, சிவப்புக்கோடு. நியானில் சிவப்பு பாதி உடம்பில் நின்றுவிடும், கார்டினலில் தலைவரை ஓடும். நியான் குளிர்ந்த தண்ணீர் மீன், 29 டிகிரியில் வாடி ஆயுள் குறையும். கார்டினலோ மேல் ஓரினோகோவிலும் ரியோ நெக்ரோவிலும் இருப்பது, சூட்டைத் தாங்கும். ரம்மி நோஸ் டெட்ராவும் அப்படியே; எல்லாம் ஒரே பக்கம் திரும்பி அணிவகுத்து நீந்துவதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். ஹார்லிகுவின் ராஸ்போரா, பென்சில் மீன், மேல்மட்டத்துக்கு ஹாட்செட் மீன் என்று எதை எடுத்தாலும் ஓர் இனத்தில் 8, 10 என்று வாங்குங்கள். நாலு இனத்தில் மும்மூன்று வாங்கினால் எதுவும் கூட்டமாக நீந்தாது. ஹாட்செட் தாவும், மூடி கட்டாயம்.

டைகர் பார்ப் கூடவே கூடாது, துடுப்பைக் கொறிக்கும். ஃபைட்டரும் ஏஞ்சலும் அதே மாதிரி வேண்டாத வம்பு. கப்பி, மோலி கடின நீர் மீன்கள். ராமுக்கு ஏற்ற தண்ணீர் அவற்றுக்கு ஏற்காது. கோரி ஆசை விடாதவர்கள் 3 அடித் தொட்டியில், சூடு தாங்கும் ஸ்டெர்பாய் கோரியை எடுக்கலாம். சிக்லிட் ஒரு கோடியில் முட்டையிட்டால் கோரிகளுக்கு மறு கோடியில் தீனி போட்டுப் பழக்க வேண்டும். செர்ரி இறாலின் குஞ்சுகள் சிக்லிட்டுக்கு அல்வா, எதிர்பார்க்காதீர்கள். கண்ணாடி சுத்தம் செய்யும் என்று கடையில் கொடுக்கும் சக்கர் மீன் ஒரு அடிக்கு மேல் வளரும், இரவில் முட்டையைத் தின்றுவிடும். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் தயவுசெய்து அதை ஏரியிலோ ஆற்றிலோ விடாதீர்கள். நம் நீர்நிலைகளில் அது பெருகி நாட்டு மீன்களுக்குக் கேடாகிக்கொண்டிருக்கிறது.

தண்ணீர்

இங்கேதான் நிறையப் பேர் ராமை இழக்கிறார்கள். மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும். ஃபில்டர் பஞ்சில் குடியேறும் நுண்ணுயிரிகள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். முதல் இரண்டும் விஷம். நைட்ரேட்டை வாராவாரம் தண்ணீர் மாற்றி வெளியேற்றிவிடலாம். அந்த நுண்ணுயிரிகள் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். புதுத் தொட்டியில் மறுநாளே ராமைப் போட்டால் அது விஷத்தில்தான் நீந்தும். தண்ணீரின் பிஎச்சும் (அமில, காரத்தன்மையின் அளவு) வெப்பமும் கூடக்கூட அம்மோனியாவின் விஷமும் கூடும், ராமுக்கோ சூடு தேவை. அதனால் தொட்டியை ஓடவிட்டு, டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகு டெட்ராக்களை விடுங்கள், மூன்று வாரம் கழித்துக் கடைசியாக சிக்லிட்டை விடுங்கள். இந்த வரிசைக்கு இன்னொரு காரணமும் உண்டு: முதலில் வந்தது சிக்லிட் என்றால் தொட்டி முழுவதும் அதற்குச் சொந்தமாகிவிடும், பின்னால் வருபவர்கள் எல்லோரும் அத்துமீறி நுழைந்தவர்கள். பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள், குளோரின் நுண்ணுயிரிகளைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

போர் தண்ணீரில் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 500-ஐத் தாண்டுவது நம் பக்கம் சாதாரணம். பண்ணையில் பிறந்த ராமும் அபிஸ்டோவும் ஓரளவு சமாளிக்கும், முட்டைகள்தான் அதில் சரியாகப் பொரியாது. வீட்டில் ஆர்ஓ இருந்தால் கலந்துகொள்ளுங்கள். போர் தண்ணீர் 600, ஆர்ஓ 40 என்றால், ஒரு பங்கு போருக்கு மூன்று பங்கு ஆர்ஓ கலக்க 180 வரும், தாராளமாகப் போதும். வெறும் ஆர்ஓ தண்ணீரை நிரப்பாதீர்கள். அதில் பிஎச்சைத் தாங்கிப் பிடிக்கும் உப்புகள் இல்லாததால் திடீரென்று சரிந்துவிடும். இரண்டு நாளைக்கொருமுறை ஒரு குடம் மாற்றுவது, மாதத்துக்கு ஒருமுறை முழுத் தொட்டியையும் காலி செய்வதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

தெருவில் நாட்டு வாதுமை மரம் நிற்கிறதா? பாதாம் மரம் என்று குழந்தைகள் காய் பொறுக்கும் அதே மரம். தானாகச் சிவந்து உதிர்ந்து காய்ந்த இலைகளைப் பொறுக்கிக் கழுவி ஒன்றிரண்டு போடுங்கள். சாலைப் புழுதி அடர்ந்த இடத்திலும் மருந்து அடிக்கும் இடத்திலும் பொறுக்க வேண்டாம். தண்ணீர் வெளிர் டீ நிறமாகும், லேசாக அமிலத்தன்மை ஏறும். இலைகள் படிந்து கிடக்கும் ஆற்றோரங்களில் வாழும் அபிஸ்டோவுக்கு அது பிறந்த வீடு. வெளிநாட்டில் இந்த இலையைப் பொட்டலம் போட்டு விற்கிறார்கள்.

சண்டையா, சைகையா?

இரண்டு மீன்கள் பக்கவாட்டில் நின்று துடுப்பை விரித்து வாலால் தண்ணீரை அடித்துக்கொண்டால் பதற வேண்டாம், அது பேச்சுவார்த்தை. ஒன்று நிறம் வெளுத்து ஒதுங்கிவிட்டால் முடிந்தது. ஒரு மீன் மேல் மூலையில் ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் நாள் முழுக்க ஒண்டிக்கொண்டிருந்தால், தீனிக்கும் வராவிட்டால், துடுப்பு கிழிந்திருந்தால் அன்றே வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் பெரும்பாலும் நாளைக்கு அது இருக்காது. புது மீன் விடும்போது கற்களையும் வேர்களையும் கொஞ்சம் இடம் மாற்றி வைத்தால் பழைய எல்லைகள் கலைந்து, எல்லோரும் புதிதாகத் தொடங்குவார்கள்.

தீனியும் சண்டைக்குக் காரணமாகும். டெட்ராக்கள் மேலேயே எல்லாவற்றையும் முடித்துவிடும், கீழே இருப்பவருக்கு எதுவும் வராது. ஒரு பக்கம் மேலே ஃபிளேக் தூவி டெட்ராக்களை இழுத்துவிட்டு, மறு பக்கம் மூழ்கும் சின்ன பெல்லட்டோ உறைந்த ப்ளட்வோர்மோ (சிவப்புப் புழு) கீழே போகும்படி சிரிஞ்சால் விடுங்கள்.

நிறம் திடீரென்று அடர்ந்தால், ஒரு கல்லை இரண்டும் சேர்ந்து வாயால் உரசிச் சுத்தம் செய்தால், மணலில் குழி பறித்தால் முட்டை வரப்போகிறது. ராம் 150, 200 முட்டைகூட இடும். முதல் இரண்டு மூன்று முறை அவையே தின்றுவிடுவது வழக்கம். இளம் ஜோடிகள் பழகிக்கொள்ளும். 28, 29 டிகிரியில் இரண்டு மூன்று நாளில் பொரிக்கும். புழுப்போல் நெளியும் குஞ்சுகளை வாயில் அள்ளித் தயாராகத் தோண்டிய குழிக்கு மாற்றும், இன்னும் ஐந்து நாள் போல் கழிந்தால் நீந்தத் தொடங்கும். இந்த நாள்களில் கையைத் தொட்டிக்குள் விடாதீர்கள், எதையும் நகர்த்தாதீர்கள். கூட்டாளிகள் மறு கோடியில் கூடி நிற்பார்கள், நிற்கட்டும். அந்தப் பக்கமே தீனி போடுங்கள். குஞ்சுகளை வளர்த்தே ஆகவேண்டுமென்றால் அந்த ஜோடிக்குத் தனித் தொட்டி வேண்டும், கம்யூனிட்டி டேங்க்கில் நாலு பிழைத்தால் பெரிது.

விளக்கை ஒரேயடியாக அணைக்காதீர்கள். முதலில் தொட்டி விளக்கை அணைத்துவிட்டு, அறை விளக்கை அரை மணி நேரம் எரிய விடுங்கள். மங்கத் தொடங்கியதும் ராம் தாயும் தகப்பனும் அவசர அவசரமாகக் குஞ்சுகளை வாயில் வாரிக் குழியில் துப்பும். ஒன்று தப்பி மேலே போகும், பின்னாலேயே போய்க் கவ்விக்கொண்டு வரும். எல்லாம் உள்ளே வந்த பிறகு இரண்டில் ஒன்று குழிமேல் தாழ்ந்து படுத்துக்கொள்ளும். அப்புறம் அறை விளக்கையும் அணைத்துவிடலாம்.